புள்ளி

பள்ளத்தூர் வீட்டில்
ஆத்தங்குடித் தரைமேல் கடலை விரித்தேன்.
மேசை போதவில்லை.
நான்கு மூலைக்கும் பாரம்: சொம்பு, செல்போன்,
ஒற்றைச் செருப்பு, வாடகை ரசீதுப் புத்தகம்.

மீன் பிடிக்கக் கூடாத இடங்களுக்கு
மையால் வட்டம்.
ஆவுளியா மேயும் புல்திட்டு ஒன்று.
குஞ்சு ஒதுங்கும் கழிமுகம் ஒன்று.
வெளுத்துக் கிடக்கும் பவளம் ஒன்று,
விட்டுவைத்தால் தேறலாம்.

கரண்ட் மீட்டர் பார்க்க வந்த சிகப்பி
குனிந்து கேட்டாள்: "எத்தனை புள்ளி?"
கோயில் வரி எழுதுகிற கை.
பதினொன்று என்றேன்.
"இம்புட்டுத் தள்ளித் தள்ளி இருக்கே, போக்குவரத்து?"
உண்டு. இங்கே இட்ட முட்டை
நீரோட்டத்தில் ஏறி அங்கே பொரியும்.
பினாங்கில் ஒரு கடை, மோல்மேனில் ஒரு கடை என்று
பேரேடு வைத்திருந்த வீட்டுக்காரிக்கு
அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரல் கூடையோடு தொண்டி பஸ்ஸில் வந்த
சகுபர் நிஷாதான் நகராமல் நின்றாள்.
ஈர விரலை ஏழாவது வட்டத்தில் வைத்து,
"எங்க வீட்டுக்காரர் வலை இங்கனதான் கெடக்கு.
அழிச்சுப்புடுவீகளா?"

விரல் எடுத்த இடத்தில் மை பரவியது.
வட்டத்தை நகர்த்தினால் புல் வெளியே விழும்.
நகர்த்தாவிட்டால் அவர்.

வழவழத்த சுவரில் சாய்ந்தேன்.
சிப்பி சுட்ட சுண்ணாம்பு.
இந்த வீடும்
கடலிடம் கேட்காமல் எடுத்ததுதான்.

பேனாவை மூடினேன்.
நாளை ஐந்தே முக்கால் வண்டியில் தொண்டி,
பென்சிலோடு.
புல் எங்கே முடிகிறதென்று
எனக்குப் படத்தில் தெரியும்.
அவருக்குக் காலில்.