பெற்றோர் கையொப்பம்

வாசலில் செக்யூரிட்டி கேட்டார், எந்த செக்‌ஷன்?
ஐந்தாம் வகுப்பு என்றேன்.
ஐந்தில் பதினோரு செக்‌ஷன் இருக்கிறது பாய், என்றார்.
எனக்குப் பின்னால் வரிசை.
மகனைப் பார்த்தேன்.
'ஜே' என்றான், ஷூவைப் பார்த்துக்கொண்டு.

மேபல் இருந்தால் இதெல்லாம் அவள் இலாகா.
ஏழாம் மாதத்தில் அவளை ஊருக்கு ஏற்றிவிட்டதிலிருந்து
பள்ளியின் ஆப் எனக்குத் திறக்கவில்லை.
ஓடிபி அவளுடைய ஷார்ஜா நம்பருக்குப் போகிறது.
அந்தச் சிம்மைக் கழற்றி எந்த டப்பாவில் போட்டாள் என்று
அவளுக்கும் நினைவில்லை.

காலை ஐந்தரைக்கு நான் இறங்கும்போது தூங்குகிறான்.
பையன்களுக்கு மதிய ஷிஃப்ட்.
இருட்டி அவன் பஸ் வரும் நேரம்
நான் சஜ்ஜாவில், யாரோ ஒருவருடைய மீன் குளிரறைக்குள்.
எதிர் ஃப்ளாட் குஜராத்தி அக்காவிடம் ஒரு சாவி.
அவ்வளவுதான் ஏற்பாடு.

ஷைலஜா மிஸ் நல்லவர்.
பீரியாடிக் டெஸ்ட், ரூப்ரிக், போர்ட்ஃபோலியோ என்றார்.
தலையாட்டினேன்.
அந்த அறையில் எனக்கு முழுதாக விளங்கியது
ஜன்னல் ஏசியின் முனகல் மட்டும்.
கப்பாசிட்டர் போகப்போகிறது,
இன்னும் இரண்டு வாரம் தாங்கினால் அதிகம்.

பிறகு டைரியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.
"சாரின்றெ ஒப்பு தன்னே அல்லே?"

பதினான்கு கையெழுத்து.
நீச்சல் வகுப்புக்குச் சம்மதம்.
பஸ் நிறுத்தம் மாறியது, படித்தறிந்தேன்.
கணக்கில் இருபதுக்குப் பதினேழு.
இந்தியில் இருபதுக்கு ஒன்பது, அதையும் ஒளிக்கவில்லை.
காய்ச்சல் தடுப்பூசிக்கு
தன் கையில் ஊசி போடத் தானே அனுமதி கொடுத்திருக்கிறான்.

ஐடி கார்டில் நான் அரபியும் ஆங்கிலமும்.
கையெழுத்து மட்டும் தமிழ், பத்தாம் வகுப்பில் போட்டது போலவே:
வியாகப்பன்.
இவனுக்கு இந்தி, அரபி, கொஞ்சம் ஃபிரெஞ்சு.
தமிழில் ஓரெழுத்து தெரியாது.
வாடகைக்கு எழுதிவைத்த செக்குகளைப் பார்த்துத்தான்
வரைந்து பழகியிருக்க வேண்டும்.
கையெழுத்து கோணினால் செக் திரும்பிவரும் ஊர் இது;
என்னுடையதே ஒருமுறை திரும்பியிருக்கிறது.
இவனுடையது பதினான்கும் பாஸ்.

வி-யின் கொண்டையை என்னைவிட நன்றாகச் சுழித்திருக்கிறான்.
நடுவில் ப்-க்குப் புள்ளி உண்டு.
கடைசி ன்-க்கு மட்டும் இல்லை,
பதினான்கிலும் இல்லை.
அந்தப் புள்ளியை
செக்கில் விழுந்த மைத்துளி என்று நினைத்தானோ என்னவோ.

பக்கத்தில் அவன் மூச்சே விடவில்லை.
ஏசி ஒருமுறை நின்று, இருமி, மறுபடி ஓடியது.

"என்னுடையதுதான்" என்றேன்.

மிஸ் சிரித்தார். வருகைப் படிவத்தை நீட்டினார்,
ஜே செக்‌ஷன், வரிசை எண் இருபத்தெட்டு,
பெற்றோர் இங்கே ஒப்பமிடவும்.
டைரி பக்கத்திலேயே திறந்து கிடந்தது.
மெதுவாக எழுதினேன், வி, யா, க, ப், ப.
பிறகு ன.
முப்பது வருடப் பழக்கம், கை தானாக மேலே போனது.
பிடித்து இறக்கினேன்.

திரும்பும் வழியில் ரோலா சிக்னல் வரை பேச்சில்லை.
கேட்க ஒரு கேள்வி இருந்தது, திட்ட இரண்டு இருந்தன.
"ஊசி வலித்ததா?" என்றுதான் வந்தது.
"கொஞ்சம்."

குழந்தையோடு மேபல் மார்ச்சில் வருவாள்.
அதுவரை சர்க்குலர்களை ஃபிரிட்ஜ்மேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்,
எந்நேரம் வந்தாலும் நானே போடுகிறேன் என்று.
போடுகிறேன்.
இந்தக் கல்வியாண்டு முடியும்வரை
என் பெயர் புள்ளியில்லாமல்தான் முடியும்.