மாடி வீட்டு மோட்டார்

உள்ளங்கைக்குள் அடங்கும்.
விலை இருநூற்று எண்பது.
பகலில் அப்படியொன்று ஓடுவதே தெரியாது.
சமாதானபுரத்து பஸ்கள், தண்ணீர் லாரி,
எதிர்வீட்டு மிக்ஸி,
ஆனி மாதக் காற்று வந்து
மொட்டைமாடித் தகரத்தைப் புரட்டும் சத்தம்.
பத்தரைக்கு மேல்தான்
அது வாயைத் திறக்கும்.

ஒரே சீராக உறுமினால் பழகிக்கொள்ளலாம்.
இடையிடையே தொண்டையைச் செருமும்,
யாரோ ஏதோ சொல்ல வந்து
வேண்டாமென்று விட்டதுபோல.
அடுத்த செருமலுக்குக் காத்துக் கிடப்பேன்.
மூன்றரைக்குப் பால்வண்டியை எடுக்க வேண்டும்.

அடியில் ரப்பர் செருப்பை வைத்தோம்,
ஜோடியை நாய் கொண்டுபோன ஒற்றைச் செருப்பு.
பிறகு சைக்கிள் டியூப்.
பிறகு ரோஸ்லினின் ஸ்வெட்டர்,
கல்யாணமான புதிதில் ஊட்டியில் வாங்கி
இந்த ஊரில் ஒருநாளும் போடாதது.
அதற்குள் மோட்டார் சூடேறி
கம்பளி வாடை அடித்தது.

கீழ்வீட்டில் வேதமுத்து சார்.
பேட்டை மில்லில் முப்பத்தொரு வருஷம்.
இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு
ஓய்வுபெற்று வந்தவர்.
வாடகைப் பேச்சைக்கூட அவரிடம்
கத்தித்தான் பேச வேண்டும்.
அவர் படியேறி வந்தார்.
"காது கேக்காதுதாம்ப்பா.
ஆனா கட்டில் கால் வழியா ஏறி
பல்லுக்குள்ள வந்து நிக்கி.
மேல என்ன, மில்லா ஓட்டுதிய?"
தொட்டியைக் காட்டினோம்.
கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தார்.
ஒரு மீன் அந்த விரலைத் தேடி வந்தது.
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

அன்று இரவு நிறுத்தினோம்.
என்ன தூக்கம்!
மூன்றரைக்கு விளக்கைப் போட்டால்
எல்லாம் மேலே வந்து,
தண்ணீர் முடிந்து காற்று தொடங்கும்
அந்த மெல்லிய தோலை
வாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தன.
ஏழில் ஆறு.
முட்டைக்கண் கறுப்பு மட்டும்
ஒருக்களித்துக் கிடந்தது.
கறிவேப்பிலைத் தொட்டியில் மண்ணைத் தள்ளிக்கொண்டே
ரோஸ்லின் கேட்டாள்:
"நல்லாத் தூங்கியாச்சுல்லா?"

முருகன்குறிச்சிக் கடைப்பையன் சிரித்தான்.
"அண்ணாச்சி, பலகைல வச்சா அப்படித்தான் அதிரும்.
அதுவும் தண்ணி மட்டத்துக்குக் கீழ வச்சிருக்கிய.
கரண்ட் போச்சுன்னா டியூப் வழியா
தண்ணி திரும்பி வந்துரும்லா.
தொங்கப் போடுங்க.
எங்கயும் படக்கூடாது."

எங்கே தொங்கவிட?
ஒரு ஆணி அடித்தால்
அட்வான்ஸில் பிடிப்பார் வேதமுத்து சார்.
இருந்தது ஒன்று.
எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள்
தங்கள் பிள்ளைக்குக் கூடத்துக் கூரையில் பதித்து
விட்டுப்போன இரும்புக் கொக்கி.
ஐந்து வருஷமாக
அதற்கு நேர் கீழே
நாங்கள் பாய் விரிப்பதில்லை.

ரோஸ்லின்தான் ஸ்டூலில் ஏறினாள்.
சின்ன வெங்காயம் வந்த வலைப்பை,
அதற்குள் மோட்டார்,
கொசுவலைக் கயிறு இரண்டு சுற்று.
மூன்று மீட்டர் டியூப் கூடுதலாக வாங்கினோம்.
அடுக்களைக்குப் போகக்
குனிய வேண்டியிருக்கிறது.
சுவிட்சைப் போட்டாள்.
பாதி நிமிஷம் நம்பவில்லை.
குமிழி உடையும் சத்தம் மட்டும்,
அதையும் தேடினால்தான்.
சாப்பிடும்போது இருவரும்
மேலே பார்க்காமல் இருந்தோம்.

ஒன்றரை இருக்கும்.
காற்று ஜன்னலைத் தள்ளித் திறந்தது.
பை ஆடத் தொடங்கியது.
ஆட ஆட டியூப் இழுபட்டு
தொட்டி மூடியில் டக்,
கொஞ்சம் பொறுத்து
டக்.
எழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன்.
அதற்குள் அவள் எழுந்திருந்தாள்.
ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டாள்.
இருட்டில் எக்கி நின்று
வலைப்பையை இரண்டு கையாலும் பிடித்தாள்,
ஆட்டம் நிற்கும்வரை.
நின்ற பிறகும்.

மூன்றரைக்கு நான் எழுந்தபோது
கொக்கிக்கு நேர் கீழே
பாயை இழுத்துப் போட்டு
உறங்கிக்கொண்டிருந்தாள்,
வாய் லேசாகத் திறந்து.
ஆணியில் கிடந்த வண்டிச்சாவியை
சத்தம் வராமல்
கைக்குள் பொத்தி எடுத்தேன்.