பக்கம் 212

மூன்றாம் பதிப்புக்கு நான் சரிபார்க்க வேண்டியவை:
விடுதி வாடகை,
குடலைப் புரட்டாத மினிபஸ்,
நம்பிக் குடிக்கக்கூடிய குழாய்,
ஒரு நகரத்தின் பெயர்.

சுகும் என்றால் கடைசியில் ஒரு புள்ளி.
சுகுமி என்றால் கடைசியில் ஒரு கொக்கி.
புள்ளி வைத்தால் ஆற்றுக்குக் கிழக்கே
புத்தகத்தை மூடிவிடுவார்கள்.
கொக்கி போட்டால் மேற்கே
பிளேடு எடுப்பார்கள்.

தாமேய் பிளேடுதான் எடுத்தான்.
அவன் ஓட்டும் வண்டியில் பயணிகள் மறந்துபோன
பிரதிகள் ஏழு.
ஏழிலும் அந்த ஓர் எழுத்தை மட்டும்
மீனில் முள் எடுப்பவனைப் போலச் சுரண்டியிருந்தான்,
தாள் கிழியாமல்.
"பின்பக்கம் என் அத்தை கடையைப் பற்றி
நல்லவிதமாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான்" என்றான்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஸுக்தீதியிலிருந்து
எனக்கு வந்த கடிதம் வேறு மாதிரி.
ஜும்பெர் ஷெலியா. மின்மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்றவர்.
முதல் தாள் முழுக்க வசவு.
'வெளியேறினார்கள்' என்று எழுதியிருக்கிறாய்,
வீட்டில் புழுக்கம் என்று
காற்று வாங்கப் போனதுபோல.
'வெளியேற்றப்பட்டார்கள்' என்று எழுத
இன்னும் எத்தனை எழுத்து வேண்டும்?
தாளுக்கா பஞ்சம்?

இரண்டாம் தாளில் கையெழுத்து சிறுத்திருந்தது.
'நீ' எப்போது 'நீங்கள்' ஆனது என்று தெரியவில்லை.
ஆறாம் எண் வண்டி சந்தையைத் தாண்டி
யூகலிப்டஸ் வளைவில் இன்னும் நிற்கிறது என்று
போட்டிருக்கிறீர்கள்.
நிஜமாகவே நிற்கிறதா?
நிறுத்தத்துக்கு எதிரே நீலக் கதவு ஒன்று.
இத்தனை வருடத்தில் அந்தத் தெருவைப் பற்றி
எனக்கு ஏதாவது சொன்னது இந்தப் புத்தகம் ஒன்றுதான்.
பொய்ப் புத்தகம்.
வண்டி நேரம் மட்டும் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பாலத்தை நடந்தே கடந்தேன்.
மறுநாள் காலை ஆறாம் எண்ணில் ஏறினேன்.
யூகலிப்டஸ் வளைவில் இறங்கினேன்.
கதவு பச்சை.
கீல் ஓரத்தில் மட்டும்
நகக்கண் அளவுக்கு நீலம்.

முற்றத்தில் ஒரு பெண்
சீமைப் பனிச்சைப் பழங்களைத் தோலுரித்து
நூலில் கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
எஸ்மா என்று பெயர்.
என்ன புத்தகம் என்றாள்.
எங்கள் தெருவைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்றாள்.

வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது:
'போருக்குப் பின் ஆளற்ற வீடுகள்.
மாலை வெளிச்சத்தில் படமெடுக்க உகந்தவை.'

"ஆளற்ற" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
கையைத் துடைத்துக்கொண்டாள்.
"நான் குடியிருந்த தெரு
குண்டு விழுந்து எரிந்தது.
அது எந்தப் பக்கத்தில்?"
தேடினேன்.
இருக்காது என்று தெரிந்தும் தேடினேன்.
பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாத இடத்தை
நாங்கள் சேர்ப்பதில்லை.

போகும்போது பழம் இரண்டு கொடுத்தாள்.
விலை கேட்டேன். பழக்கதோஷம்.

மேசைக்குத் திரும்பி,
'உகந்தவை' வரியை அடித்தேன்.
'வெளியேற்றப்பட்டார்கள்' என்று திருத்தினேன்;
இடப்பற்றாக்குறை என்று அது
மெய்ப்புத் தாளில் மறுபடி சுருங்கி வந்தது.
மறுபடி நீட்டினேன்.
நகரத்துக்கு இரண்டு பெயரும் போட்டு
நடுவில் சாய்கோடு இழுத்தேன்,
இனி இரு கரையிலிருந்தும் திட்டு வரும்.

எஸ்மாவின் தெருவுக்கு
எந்தத் தலைப்பின் கீழும் இடம் கிடைக்கவில்லை.
காண வேண்டியவை, உண்ண, உறங்க, போக்குவரத்து.

கடைசியில் யாரும் கைவைக்காமல் அச்சேறிய வரி இது:
'எண் 6. முதல் வண்டி காலை 7.10.
யூகலிப்டஸ் வளைவில், கேட்டால் நிற்கும்.'

ஷெலியாவுக்குப் பதில் எழுதினேன்.
நிற்கிறது ஐயா, நானே இறங்கினேன்.

கதவின் நிறத்தைச் சொல்ல இடமில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
இடம் இருந்தது.
அஞ்சலட்டையின் அடியில்
இரண்டு வரி காலி.