முப்பத்திரண்டு பேர்

காலிமுகத்து ஹோட்டலில்
சரவிளக்குத்தான் மணமகள்.
வெள்ளவத்தை மண்டபத்தில் ஊதா வெளிச்சம்,
முகமெல்லாம் கத்தரிக்காய்.
மனேஜர் ஏசியைக் கூட்டிக் காட்டினார்.
நான் திரைச்சீலையை விலக்கினேன்:
யன்னலுக்குப் பின்னால் சுவர்.

"முப்பத்திரண்டு பேர்தான் அண்ணா" என்றாள் ஆரபி.
ஓட்டோவில் ஏறும்போது, தாழ்ந்த குரலில்:
"அப்பாவும் சித்தப்பாவும் கதைச்சு ஒன்பது வருசம்.
ஒரு படத்துக்குள்ள வருவினமா?"

பம்பலப்பிட்டியில், தண்டவாளத்தோரம்,
பழைய வீடொன்றின் மேல்மாடி.
சுவரில் உப்புப் பூத்திருந்தது.
கோச்சி போனால்
அலுமாரிக்குள் கோப்பைகள் முணுமுணுத்தன.
ஐந்து மணிக்குக் கடலிலிருந்து வந்த வெயில்
தரையில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு
எழுந்து ஆரபியின் தாடையைத் தொட்டது.

மீற்றரை எடுக்கவில்லை.
அடி வைத்து அளந்தேன்:
நீளம் இருபத்தாறு, அகலம் பதினொன்று.

பெரிய மண்டபங்களில்
கோபத்துக்கு ஆளுக்கொரு மூலை கிடைக்கும்.
இங்கே மாலை மாற்றும்போது
எல்லோரும் எழுந்தால்
முழங்கையில் முழங்கை இடித்தே தீரும்.

"சின்னனா இருக்கே" என்றான் கஜீபன்.

"ஓம்" என்றேன்.
அகல லென்ஸை
அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.