தேத்தண்ணி வட்டம்

மூன்று ஞாயிறு இதிலேயே போனது.
போனின் கண்ணைப் பின்னட்டைக்குக் காட்டினால் காணும்,
தலைப்பு, பக்கம், பதிப்பகம் எல்லாம்
தானாய் எழுதிக்கொள்ளும் என்றான்
கோண்டாவில் சந்திக் கடைப் பெடியன்.

சென்னையில் அச்சானதுக்கெல்லாம் 'பீப்' என்றது.
இங்கே பிறந்ததுகளுக்கு வாயே திறக்கவில்லை.
பொருளாதாரத் தடைக்குள்
கொப்பித் தாளில், நீலக் கோடுகளுக்கு மேலே
அச்சடித்த அந்த எண்பது பக்கத்தை
எப்படித் திருப்பிக் காட்டியும்
'இப்படி ஒரு புத்தகம் இல்லை' என்றது.
மடியில் கிடக்குது, சனியனே.
கடைசியில் கையால் தட்டினேன்.
விலை: ரூபா இருபத்தைந்து.
குறிப்பு: சிங்கிள் றூல்.

அவர்கள் தந்த றாக்கை மூன்றுதான்:
வாசித்தது, வாசிப்பது, வாசிக்க இருப்பது.
போதவில்லை. நானாய்க் கட்டினேன்.
கறையான் பாதி வாசித்தது.
அவருக்குப் பிடித்தது, எனக்கு விளங்காதது.
உரபாக்கில் ஏறித் தென்மராட்சி போய்த் திரும்பி வந்தது.
உரபாக்கில் ஏறி, வராதது.
இந்தக் கடைசி றாக்கைக்கு அட்டைப்படம் ஏது?
பதினேழு சாம்பல் சதுரங்கள்.

ஆணியில்லை, பலகையில்லை,
மாரிக்குச் சுவர் கசியும் பயமில்லை.
நானூற்றுப் பதினொரு புத்தகம்
உள்ளங்கையில் பாரமே இல்லாமல் நின்றது.
'எல்லாருக்கும் காட்டு' என்பதை
ஒரு எழுப்பத்தில் அமத்திவிட்டேன்.

செவ்வாய் இரவு, கரண்ட் போய் வந்த கையோடு
மெற்றில்டாவிடமிருந்து மூன்று வரி.
குருநகர். என்னோடு ஏ.எல். எடுத்தவள்.
இருபத்திரண்டு வருஷமாய் ஒரு கதையில்லை.

"இரண்டாம் றாக்கை, இடமிருந்து ஐந்தாவது.
அட்டையில் தேத்தண்ணி வட்டம் தெரியுதெல்லே.
அது நான் வைச்ச கோப்பை."

எழும்பிப் போய் மர அலுமாரியைத் திறந்தேன்.
முதல் பக்கத்தில் ஒரு பெயரைக் கீறி
மேலே என் பெயர்.
பச்சை மை. என் கையெழுத்தேதான்.

நாளைக்கே கொண்டு வாறன் என்று எழுதினேன்.
"வேண்டாமடி. எனக்கு இப்ப கண் சரியில்லை,
அதில எழுத்தும் பொடி.
றாக்கையை மட்டும் மாத்தி வை."

மற்றாக்களின்ர என்று ஒன்று கட்டி
அதை அங்கே தூக்கி வைத்தேன்.
பக்கத்திலிருந்தது கண்ணில் குத்தியது:
ஒரு பள்ளிக்கூடத்தின் நீள்வட்ட முத்திரை.
அதற்கடுத்ததில் நோர்வே போன ஜெயசோதியின் ஒப்பம்.
இன்னொன்றுக்குள் யாரோ ஒருத்தருடைய
பஸ் சீசன் டிக்கெற், படத்தோடு.
விடிய மூன்று மணிக்கு எண்ணினேன்.
நூற்று அறுபத்திநாலு.
நிப்பாட்டிவிட்டேன். இன்னும் கீழ்த்தட்டு இருக்கிறது.

பொடி எழுத்தென்றால் நான் வாசிச்சுக் காட்டட்டே
என்று அனுப்பினேன், அந்த நேரத்தில்.
அவளும் நித்திரையில்லைப் போல.

"ஞாயிறு பூசை முடிய வா.
கோப்பை இப்பவும் இருக்கு.
கைப்பிடிதான் இல்லை."