சிவப்புத் தடம்

அட்லாண்டாவிலிருந்து மேற்கே அரை மணி நேரம் என்றது கைபேசி.
ஆதனின் இன்னொரு காலுறையைத் தேடியதில்
அதற்கு மேலேயே போயிருந்தது.
வண்டியில் புளிசாதம், மூன்று பாட்டில் தண்ணீர்,
கொசு மருந்து, ஒரு குடை.
வானத்தில் பேருக்கும் மேகமில்லை.
குடை எதற்கு என்று அருணகிரி கேட்கவில்லை.
கல்யாணமாகிப் பத்து வருஷம்.

ஸ்வீட்வாட்டர் ஓடையை ஒட்டி
வழி முதலில் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது.
வேர்கள் மட்டும் அங்கங்கே முழங்கையை நீட்டின.
மரத்துக்கு மரம் உள்ளங்கை அகலத்தில் சிவப்புப் பட்டை.
நறுமுகை ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினாள்.
பதினேழுக்குப் பிறகு பன்னிரண்டு வந்தது.
யாரும் திருத்தவில்லை.
மேடு. மூச்சு வேண்டியிருந்தது.

ஆதன் நடப்பதில்லை. ஆதன் நிற்பான்.
ஒரு மரவட்டைக்காக.
ஒரு கல்லுக்காக: எல்லாக் கல்லையும் போலத்தான் இருக்கும்,
ஆனால் அது வேண்டும், என் பைக்குள், இப்போதே.
அரை மைலில் என் தோளில் பாதி ஜார்ஜியா.

பிறகு, மரங்களுக்கு நடுவே, அது.
அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குச் செங்கல்.
கூரை இல்லை.
ஜன்னல் இருந்த இடமெல்லாம் ஆகாயம்.
"கோட்டையாம்மா?"
"இல்ல கண்ணு. மில்லு. நூல் மில்லு."
அவள் முகம் விழுந்துவிட்டது.
ராஜா இல்லாத இடத்துக்கா இவ்வளவு தூரம்?

எனக்கு விழவில்லை.
திருப்பூரில் ஆறு வருஷம் நூலின் தரம் பார்த்தவள்.
சுவரில் வரிசை வரிசையாய்க் குழிகளைக் கண்டதும்
கை தானாக நீண்டது.
இங்கே உத்தரம். அதன் மேல் தளம்.
தளம் முழுக்கக் கதிர்கள் சுற்றியிருக்கும்.
ஓடைத் தண்ணீர் அந்த வாய்க்காலில் இறங்கிச்
சக்கரத்தை உதைத்திருக்கும்.
"சத்தம் காதைக் கிழிக்கும்" என்றேன்.
அதைக் கேட்டோ என்னவோ
ஒரு மரங்கொத்தி நிறுத்தியது.

அருணகிரி பலகையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.
உள்நாட்டுப் போர். படை வந்தது. தீ வைத்தது.
வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்.
ரயிலேற்றி வடக்கே அனுப்பிவிட்டார்கள்.
"திரும்பி வந்தாங்களாப்பா?"
"கொஞ்சப் பேரு."
"மத்தவங்க?"
அவன் பலகையைப் பார்த்தான்.
பலகை முடிந்திருந்தது.

இங்கே வந்து இறங்கிய பஞ்சைப்
பறித்த அடிமைகளில் ஒருவர் பெயராவது இருக்குமா என்று
நான் முதல் வரியிலிருந்து மறுபடி தேடினேன்.
நாலாவது வரியில் ஆதனுக்கு அவசரம்.
நூற்றைம்பது வருஷம் காத்திருக்கும்.
நாலு வயது காத்திருக்காது.

திரும்பும்போது பாறைகள்.
நறுமுகையின் இடது ஷூ வாயைப் பிளந்தது,
அடிப்பாகம் நாக்கு மாதிரித் தொங்கியது.
பசை இல்லை. டேப் இல்லை. குடை இருந்தது.
"இப்பவாச்சும் கேக்கட்டுமா, குடை எதுக்குன்னு?"
பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தான் போல.

என் மேல்சட்டைத் தொப்பியிலிருந்து நாடாவை உருவினேன்.
இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம்.
பின்னிய பருத்தி. தாங்கும்.
பாதத்தைச் சுற்றி மூன்று சுற்று, மேலே ஒரு முடிச்சு.
அந்தச் சட்டையின் கழுத்துச் சீட்டில்
நாட்டின் பெயர் இருக்கிறது.
தைத்தவள் பெயர் இல்லை.

"அந்தப் பிள்ளைங்களுக்கு ஷூ இருந்துச்சா?"
"காலைப் பாத்து நட" என்றான் அவன்.
அவள் பார்த்துத்தான் நடந்தாள்,
ரோபோ மாதிரி, ஒரு கால் கனத்து,
சிவப்புப் பட்டைகளைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு.

வீட்டில் பையைக் கவிழ்த்தேன்.
இருபத்திரண்டு கல், ஒரு நத்தை ஓடு,
அப்புறம் கட்டைவிரல் அளவு ஒரு செங்கல் துண்டு.
"டேய்" என்றேன்.
அவன் அதற்குள் தூங்கியிருந்தான், ஒற்றைக் காலுறையோடு.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போக வேண்டும்,
இருந்த இடத்தில் இதை வைப்பதற்கு.
குடை வண்டியிலேயே கிடக்கட்டும்.