ஒரு சிட்டிகைப் பித்தம்

சாஸ்கட்டூனில் ஜனவரி மாதம்
காலை ஒன்பதே கால் வரை சூரியன் வேலைக்கு வருவதில்லை.
வந்தாலும் ஐந்து மணிக்குக் கடையைக் கட்டிவிடும்.
இந்த ஊரிலா சூரிய மின்கலம் என்று
டாக்ஸிக்காரர் சிரித்தார்.
நானும் சிரித்தேன். மைனஸ் முப்பத்தொன்று.
கதவை இரண்டு முறை அறைந்து சாத்த வேண்டியிருந்தது.

சொல்லியிருக்கலாம்:
சிலிக்கனுக்குத்தான் உச்சிவெயிலில் இலைபோட வேண்டும்,
சாயம் அப்படியில்லை,
மங்கலில் சிந்தியதைப் பொறுக்கியே பிழைத்துக்கொள்ளும்.
பதில்கள் எனக்கு எப்போதும் படியேறும்போதுதான் வரும்.

கண்ணாடித் துண்டின் ஓரங்களில் டேப்.
நடுவில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற கனத்தில்
டைட்டானியப் பசை.
நானூற்றைம்பது டிகிரியில் அரைமணி நேரம்.
ஆறியதும் சாயத்தில் ஓர் இரவு ஊறப்போட வேண்டும்.
அவ்வளவுதான் என் வேலை. மீதியெல்லாம் சாயத்தின் பாடு.

முதலில் பழச்சாறு.
ஒக்ஸானாவின் அம்மா ஆற்றோரப் புதர்களில் பறித்து
ஐஸ்கிரீம் வாளியில் உறையவைத்திருந்தவை,
ஊருக்கே பெயர் தந்த நாவல்நிறப் பழங்கள்.
கையுறை கறுத்தது, மேசை கறுத்தது,
மின்கலம் தந்தது பூஜ்யம் புள்ளி நான்கு சதவீதம்.
மிச்சத்தில் சர்க்கரை போட்டு எதையோ சுட்டுவந்தாள்.
அதில் வீணானது ஒன்றுமில்லை.

பிறகு நாங்களே கட்டிய மூலக்கூறு.
ஒரு முனை எலக்ட்ரானைத் தள்ளும்,
மறுமுனை டைட்டானியத்தைக் கவ்வும்.
பதினொரு மாதம். முப்பத்தேழாவது முயற்சி.
குங்குமத்தைவிட ஒரு படி ஆழமான சிவப்பு.
குடுவையை ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது
ட்ரெவர்கூடக் காதிலிருந்து பாட்டைக் கழற்றினான்.

மூன்று புள்ளி ஒன்று. அதற்குமேல் ஏற மறுத்தது.

கூட்டம்தான் கோளாறு.
சாயம் அல்லவா, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிடுகிறது.
ஒளி கொடுத்ததைப் பக்கத்து வீட்டுக்கே கைமாற்றி
தங்களுக்குள்ளேயே தின்று தீர்த்துக்கொள்கின்றன.
கம்பிக்கு வந்து சேர்வது சில்லறை.

அலமாரியில் பழுப்புக் குப்பி. வெள்ளைப் பொடி.
வாத்தின் பெயர் வைத்த பித்த அமிலம்.
ஆமாம், தலைக்கேறுகிற அதே பித்தம்.
நிறம் கிடையாது. ஒளியைப் பிடிக்காது.
சாயத்துக்கும் சாயத்துக்கும் நடுவே
சும்மா நிற்கும்,
பக்கத்தில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி
பஸ் இருக்கையில் வைத்த பையைப்போல.

ஒரு சிட்டிகை போட்டேன்.
ஐந்து புள்ளி எட்டு.

"மாஸ்க்கைச் சரிபார்" என்றாள் ஒக்ஸானா.
சரிபார்த்தேன்.
"விளக்கைச் சரிபார்."
மூன்றாம் முறையும் ஐந்து புள்ளி ஏழு வந்தபோது
ஒன்றும் பேசாமல்
நெற்றியால் என் தோளில் முட்டினாள்.
கையுறையோடு யாரையும் தொடக் கூடாது, லேப் விதி.

இதை வைத்து ஒரு தத்துவம் சொல்லிவிடலாம்.
இளம்பரிதியிடம் போனில் சொல்லியும் பார்த்தேன்.
பெயரில்தான் அவன் சூரியன். ரெஜைனாவில் வேலை,
வெள்ளி இரவு உதித்து ஞாயிறு மறைவான்.
இருநூற்றைம்பது கிலோமீட்டர் பனிச்சாலை
நமக்குப் பித்த அமிலமா என்றேன்.
"பெட்ரோல் என்ன விலை தெரியுமா?" என்றான்.

பதினெட்டு நாள் விளக்கின்கீழ் நன்றாகத்தான் இருந்தது.
பத்தொன்பதாம் நாள் ஓரத்தில் வெளிறல்.
சாயம் வெளுத்துப்போச்சு என்றால்
எங்கள் மொழியில் யாரோ மாட்டிக்கொண்டதாக அர்த்தம் என்று
ஒக்ஸானாவுக்கு விளக்கினேன்.
"யார் மாட்டிக்கொண்டது?" என்றாள், குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே.

தெரியவில்லை. ஈரம் கசிந்திருக்கலாம்.
அயோடின் ஓடியிருக்கலாம்.
முப்பத்தெட்டாவதற்குக் குடுவை கழுவுகிறேன்.

வெளுக்காத ஒன்றை ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறேன்.
மணி நாலேமுக்கால், மேகம், நிழலே விழாத வெளிச்சம்.
மீட்டரில் பூஜ்யம் புள்ளி ஆறு வோல்ட்,
அசையாமல்.
தூரத்தில், மின்நிலையத்து வெந்நீர் கலக்கும் இடத்தில்
ஆறு உறையவில்லை.
தெற்கே போகாத வாத்துகள் அத்தனையும் அங்கே
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதக்கின்றன.